ஒயருக்குள் நூல்

இந்தக் காலத்தில் எவனுக்கும் காது வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறினால் காதுக்குள் ஒரு குமிழ், வண்டி ஓட்டினால் காதுக்குள் ஒரு குமிழ், எழவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறவன் காதிலும் ஒரு குமிழ். பின்னால் வருகிற லாரிக்காரன் ஆரனை அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்து போகிறான். முன்னால் போகிறவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடுரோட்டில் போகிறான். நல்ல காதை வைத்துக்கொண்டு அதை அடைத்துக்கொள்வதற்கு இவ்வளவு பாடு.

நானும் காதில் ஒயர் மாட்டிக்கொண்டுதான் திரிந்தேன். அதைப் பார்த்து இதே பையன்கள் சிரித்தார்கள். "பெருசு பாட்டுக் கேக்குதுடா" என்றான் ஒருவன். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாட்டுக் கேட்க எனக்கு என்ன கேடு? என் வீட்டுக்காரி பேசுவதைக் கேட்கத்தான் மாட்டியிருந்தேன். இதை எவனிடம் போய்ச் சொல்ல?

மங்கலத்தில் விசைத்தறிக் கொட்டகையிலேயே என் வயசு போயிற்று. தறி ஓடும்போது கத்திப் பேசினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்த மாட்டோம். வாயை அசைப்போம், எதிரில் இருக்கிறவர் உதட்டைப் படித்துக்கொள்வார். நானும் சுப்புலட்சுமியும் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் உதட்டால்தான். சண்டை போட்டதும் அப்படித்தான். பக்கத்துத் தறிக்காரனுக்குக்கூடத் தெரியாமல் அவள் என்னைக் கண்டபடி திட்டியிருக்கிறாள். தறியை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதே பழக்கம். அதனால் என் காது போன விஷயம் வெகுநாள் எனக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது.

போன கார்த்திகையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் இடது பக்கமாகக் கோணிக்கொண்டது. கோணிய வாயை என்னால் படிக்க முடியவில்லை. குரல் இருந்தது, ஆனால் நைந்த இழை மாதிரி. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும், என்ன சொல்கிறாள் என்று விளங்காது. கேட்டால் எனக்கு விளங்கும், ஆனால் எனக்குக் கேட்காது.

சர்க்காரில் கொடுத்த காது மிஷின் ஒன்று இருந்தது. மாட்டினால் ஊளையிட்டது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். பிறகு பேத்தி கிருத்திகா ஒருநாள் தன் பழைய போனில் எதையோ ஏற்றி, ஒயர் மாட்டி என் காதில் செருகினாள். போனை ஆள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பேச்சு பெரிசாகி ஒயர் வழியாக வரும்.

"பேசறதையெல்லாம் எவனாச்சும் ஒட்டுக் கேப்பானா?" என்று கேட்டேன்.

"நீங்க பேசறதக் கேட்டு அவங்க என்னங்க அப்புச்சி பண்ணப் போறாங்க?" என்று சிரித்தாள்.

எனக்கு அதில் இன்னும் சந்தேகம்தான். ஆனால் கேட்டது. போனைச் சுப்புலட்சுமி வாய்க்கு நேராகப் பிடித்தேன். அவள் முதலில் சொன்னது, "கஞ்சில உப்புப் பத்தலீங்க." அத்தனை மாதமும் உப்பில்லாத கஞ்சியைத்தான் நான் அவளுக்கு ஊற்றியிருக்கிறேன். கஞ்சி போதும் என்று தலையை ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒயர்தான் தீபாவளிக்கு மறுநாள் அறுந்தது.

தீபாவளி என்றால் எங்கள் பக்கம் ஊரே காலியாகிவிடும். பனியன் கம்பெனிக்கு வந்த தெற்கத்திக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் கதவுக்குக் கதவு பூட்டுத் தொங்கும். சுப்புலட்சுமிக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்றிவிடுகிற ராமுத்தாயும் ஊருக்குப் போய்விட்டாள். அவள் போனதிலிருந்து புரட்டிப் போடுவது, துடைப்பது எல்லாம் நான்தான். எனக்கு அந்த வேலை வரவில்லை என்று எனக்கே தெரியும். தறியைத் தூக்கு என்றால் தூக்குவேன். ஒரு பொம்பளையை வலிக்காமல் புரட்டத் தெரியவில்லை. அவள் முதுகில் ஒரு இடம் சிவந்து போயிருந்தது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இரு, துணியை மாற்றிவிட்டுக் கேட்கிறேன் என்று அவளைச் சுவர்ப்பக்கம் தள்ளினேன். போன் சட்டைப்பையில் இருந்தது. ஒயர் தொங்கிக் கட்டில் காலின் திருகாணியில் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தேன். காதில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அதோடு உலகம் நின்றுவிட்டது.

அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இரு புள்ள, கேக்குல. ஒயரு போச்சு" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. கோணிய வாய் திறந்து திறந்து மூடியது. உதட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் எதையோ சொல்கிறது, இன்னொரு பக்கம் செத்துக் கிடக்கிறது. ஒன்றும் பிடிபடவில்லை. காதைக் கொண்டுபோய் அவள் வாயோடு ஒட்டவைத்தேன். மூச்சுக் காற்று சுட்டது, அவ்வளவுதான்.

"தண்ணியா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். "கஞ்சியா? வலிக்குதா? ஒண்ணுக்கு வருதா? காத்தாடியப் போடட்டுமா? எறும்பு கடிக்குதா?" எல்லாவற்றுக்கும் இல்லை. "டாக்டரக் கூப்புடோணுமா?" இல்லை. "முருகனுக்கு ஏதாச்சும் வேண்டிக்கிட்டயா, முடி எறக்கோணுமா?" அதற்கும் இல்லை. கேட்கத் தெரிந்ததெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இறங்கி அவள் காதுக்குள் போயிற்று. துண்டால் துடைத்தேன். உடனே மறுபடி வாயைத் திறந்து அதையே சொன்னாள். அதையேதான் சொன்னாள் என்று தாடை அசைவில் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

போகிற உயிர் எதையாவது சொல்லிவிட்டுப் போகப் பார்க்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வந்த நினைப்பு போக மாட்டேன் என்றது.

ஒயரை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். மேல் ரப்பரைக் கத்தரியால் கீறி உரித்தேன். உள்ளே பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒயருக்குள்ளே இருந்தது நூல்தான். சிவப்பு இழை, பச்சை இழை, தாமிர நிறத்தில் இழை, நடுவில் வெள்ளையாக ஒரு நூல். இது நம்ம வேலையாயிற்றே என்று நினைத்தேன். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது எங்களுக்கு எச்சில் முழுங்குவது மாதிரி. ஓடுகிற தறியில், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே போட்டிருக்கிறேன்.

சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை, தாமிரத்தோடு தாமிரம். நெசவு முடிச்சு, சின்னதாக, துணியில் ஓடினால் கைக்குத் தட்டாத முடிச்சு. வெள்ளை நூலுக்கும் ஒன்று. இழுத்துப் பார்த்தேன். நன்றாகத் தாங்கியது. காதில் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது.

முடிச்சு இளகிவிட்டதாக்கும் என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உரித்து, இன்னும் இறுக்கிப் போட்டேன். ஒன்றுமில்லை. வெள்ளை நூல்தான் பாரம் தாங்குகிறது, அதை முதலில் முடிந்தால் மற்றது நிற்கும் என்று அப்படியும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் முனையை வெட்ட வேண்டியிருந்தது. சட்டைப்பை வரைக்கும் தாராளமாகத் தொங்கிய ஒயர் கழுத்துக்கு வந்துவிட்டது. உள்ளே அவள் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவது தெரிந்தது. தட்டும்போது தலைமாட்டில் தொங்கிய மருந்துப் பை ஆடியது.

வீட்டைச் சாத்திவிட்டுக் கடைவீதிக்கு ஓடினேன். ரோடெல்லாம் வெடிக் காகிதம். கடைக்குக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. செல்போன் கடையும் அப்படித்தான். மகுடேஸ்வரன் பேக்கரி மட்டும் பாதி திறந்திருந்தது.

"வாங்க மாமா. என்னுங்க, இன்னைக்குப் பாட்டு நின்னு போச்சுங்களா?" என்றான். அவனுக்குப் பெரிய வாய், படிக்கச் சுலபம்.

"வெளாட்டெல்லாம் அப்பறம். இந்த ஒயரு எங்க கெடைக்கும்?"

"செல்போன் கடைக்காரன் சிவகங்கைப் பக்கமுங்க. போனவன் அடுத்த வாரந்தான் வருவான். ஒயரு வெச்சதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க? திருப்பூரு பஸ் ஸ்டாண்டுல பிளாட்பாரத்துல ஒருவேளை கெடைக்கும்."

"அவளத் தனியா உட்டுட்டுத் திருப்பூரு எப்படிப் போறது?"

"உங்க பொண்ணு கலைமகளுக்கு ஒரு போன் போடட்டுங்களா? சேவூருதான, அரைமணி நேரத்துல ஓடியாந்திரும்."

"அவகிட்ட எதுக்கு? நான் ஒயரு கேட்டா நீ ஆளக் கூப்புடற" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஏதாவது சொல்லியிருப்பான். எல்லாரும் சொல்வதுதான்.

திரும்பி வரும்போது பார்த்தேன், லைன் வீட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. வாசலில் ஜோதிகா உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கமுதிப் பக்கத்துப் பெண், ஏதோ பனியன் கம்பெனியில் டெய்லர். அவள் காதிலும் ஒயர். அந்த ஒயரில் அங்கங்கே கட்டுப் போட்டிருந்தது, அடிபட்டவன் கைக்குப் போட்ட மாதிரி.

"நீ ஊருக்குப் போகுல?" என்றேன்.

"போனா மாப்ள பாத்து வச்சிருப்பாக தாத்தா. அதுக்குத்தேன் டிக்கெட் கெடைக்கலன்டு சொல்லிட்டேன்" என்றாள். தெற்கத்திப் பேச்சு உதட்டில் வேகமாக ஓடும். பாதியைப் பிடித்து மீதியை நானே சேர்த்துக்கொள்வேன்.

"அந்த ஒயரக் குடு கண்ணு. கொஞ்ச நேரத்துல தந்தர்றேன்."

என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இது சேராது தாத்தா. உங்களுது உருண்ட முனை, என்னுது தட்ட முனை. வேணும்னா என் போன்லயே அத ஏத்தித் தாரேன்."

"வேண்டாம். எங்க ஊட்டுப் பேச்சு அடுத்தவங்க போன்ல ஏற வேண்டாம்."

"ஆத்தாடி! அம்புட்டு ரகசியமா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, அறுந்ததக் காட்டுங்க."

காட்டினேன். முடிச்சுகளைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதென்னா தாத்தா, பூக்கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்கீக?"

"எங்காயிசுல போட்ட முடிச்சு ஒண்ணுகூட அவுந்ததில்ல, தெரியுமா?"

"அவுறாது. கேக்கவுஞ் செய்யாது."

வீட்டுக்குள் அழைத்துப் போனேன். முதலில் சுப்புலட்சுமி என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். ஜோதிகா கட்டிலோரம் குனிந்து வெகுநேரம் கேட்டாள். சுப்புலட்சுமி அவள் தாவணியை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் ஜோதிகா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னமோ கேக்குறாக தாத்தா. கெஞ்சுற மாதிரி இருக்கு. எனக்கு வெளங்கல" என்றாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "நீங்கதேன் கேக்கணும். அந்த ஒயரக் குடுங்க."

தரையில் உட்கார்ந்து என் முடிச்சுகளை வெட்டினாள். முனைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாமி விளக்குப் பக்கத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். எதற்கு என்று யோசிப்பதற்குள் குச்சியைக் கிழித்து ஒயர்கிட்டே கொண்டுபோனாள்.

பாய்ந்து அவள் கையைப் பிடித்துக் குச்சியை ஊதி அணைத்தேன்.

"நூலுக்குத் தீ வெப்பியா? எந்த ஊர்ல கத்துக்கிட்ட இத?"

எங்கள் கொட்டகையில் பீடிக்காரனை வாசலோடு நிறுத்திவிடுவோம். நூல் இருக்கிற இடத்தில் குச்சி கிழிக்கிறவனை அப்பன் பிள்ளை பார்க்காமல் அடிப்போம். என் கண் முன்னால், என் வீட்டில், மிச்சமிருக்கிற கொஞ்ச ஒயருக்கு இவள் தீ வைக்கிறாள்.

"இது நூலில்ல தாத்தா, கம்பி. சிவப்பு பச்செல்லாம் மேல பூசுன அரக்கு மாதிரி. அது எரிஞ்சு போனாத்தேன் கம்பியும் கம்பியும் தொடும். நீங்க அரக்கோட முடிஞ்சிருக்கீக, பெறகு எப்படிக் கேக்கும்?"

"உனக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்க கம்பெனில பாட்டுக் கேட்டா சூப்பர்வைசர் வந்து டிரிம்மரால நறுக்குன்டு வெட்டிட்டுப் போயிருவாரு. நூலு வெட்டுற டிரிம்மர். எங்க லைன்ல இருக்குற பிள்ளைக எல்லாருமே இப்படித்தேன் சேத்துக்குவோம்."

"வேலைக்குப் போனா வேலையப் பாக்கறதுக்கென்ன? பாட்டெதுக்கு?"

"பெறகு? காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பவர் டேபிள் தையல் மிஷின் சத்தத்தையா கேட்டுக்கிட்டு இருக்க? எனக்கும் உங்க மாதிரி காது போகவா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒயரைப் பிடுங்கிக்கொண்டேன். அரக்கு என்றால் சுரண்டினால் போகாதா என்று நகத்தால் சுரண்டினேன். இழை மயிரைவிட மெலிசு. சுரண்டியதும் அறுந்து கையோடு வந்தது. பச்சை போயிற்று, மறுபடி வெட்டி உரித்தேன். சிவப்பு போயிற்று, மறுபடி வெட்டினேன். இப்போது போனுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு சாண் ஒயர்தான் இருந்தது. இன்னொரு தடவை வெட்டினால் வெட்ட ஒன்றும் இருக்காது.

ஜோதிகா என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்னயத் திட்டறதுன்னா மூஞ்சியப் பாத்துத் திட்டு."

திரும்பினாள். "திட்டல தாத்தா. ஆச்சி அழுகுறாகன்டு சொன்னேன்."

பார்த்தேன். சுப்புலட்சுமி வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சத்தமில்லாமல் பேசிப் பார்த்திருக்கிறேன், சத்தமில்லாமல் சிரித்துப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்து அழுது பார்த்ததில்லை. அந்த அழுகையும் எனக்குக் கேட்கவில்லை. கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி அவள் கை ஓய்ந்து போய்க் கீழே தொங்கியது.

முருகா, இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

ஒயரை ஜோதிகா மடியில் போட்டேன். "வெய்யி தீய. என்னமோ பண்ணு."

அவள் குச்சியைக் கிழித்து ஒவ்வொரு முனைக்கும் காட்டி உடனே அணைத்தாள். மயிர் பொசுங்கிய மாதிரி நாற்றம். கரியைத் தாவணி முனையால் நீவித் துடைத்தாள். உள்ளே செம்பு மினுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். கலருக்குக் கலர் முறுக்கினாள். ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க, சுப்புலட்சுமியின் மருந்துப் பையிலிருந்த பிளாஸ்திரியைக் கிழித்துத் தனித்தனியாகச் சுற்றினாள். நான் முறுக்கை இழுத்துப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "இழுக்காதீக! இதென்ன தறிப் பாவா?"

ஒயர் குட்டையாக இருந்ததால் போனைத் தலையணையில் வைத்து, நான் கட்டிலோரம் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. ஒரு குமிழை என் காதில் செருகினாள். இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் கரகரவென்று ஒரே இரைச்சல். ஜோதிகா பிளாஸ்திரியை விரலால் அமுக்கினாள். இரைச்சல் விலகியது. காத்தாடி சுற்றுவது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்பச் சொல்லு புள்ள" என்றேன்.

சுப்புலட்சுமி தலையணைப் பக்கம் வாயைத் திருப்பினாள். மூச்சு வாங்கினாள்.

"கலமக... ஊட்ல... உட்ருங்க..."

"கலைமகளா?" என்றேன், என்னை அறியாமல்.

"அவ ஊட்ல... உட்ருங்க... என்னய..."

ஜோதிகா என் தோளைத் தட்டினாள். "யாரு தாத்தா கலைமக?"

"எம்பொண்ணு."

"எங்கிட்டு இருக்காக?"

நான் பிளாஸ்திரிச் சுற்றைத் தடவிப் பார்த்தேன். ஆடியில் கலைமகள் காரோடு வந்தாள், புருஷன் வேல்குமாரைக் கூட்டிக்கொண்டு. அம்மாவை நான் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், உங்களால் முடியாதுங்கப்பா என்றாள். வேல்குமார் வாசலிலேயே நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? வந்த காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து அவள் பேசுவதில்லை. போகட்டும். இப்படிப் படுத்திருக்கிறவளை ஒரு தடவை அந்த வாசலுக்கு அனுப்பிவிட்டால் திரும்பி இந்த வாசலுக்கு யார் கொண்டுவருவார்கள்? எதிர்த் தறியில் ஆளில்லாமல் நான் யாரைப் பார்த்து வாயை அசைப்பது?

அன்றைக்குச் சுப்புலட்சுமி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அப்போது ஒயர் மாட்டியிருந்தேனா என்று நினைவில்லை.

"ஆமா தாத்தா, இப்ப எனக்கும் வெளங்குது" என்றாள் ஜோதிகா. "கலைமக வீட்ல விட்ருங்கன்டுதேன் சொல்றாக. திருப்பித் திருப்பி அதையேதேன்."

"நான் பேரச் சொன்னதுனால உனக்கு அப்படிக் கேக்குது."

"அய்ய, நல்லாக் கேக்குது!"

"தப்பாச் சேத்திட்ட. செவப்பும் பச்சையும் மாறிப் போச்சு."

"மாறுனா இந்தக் காதுல கேக்குறது அந்தக் காதுல கேக்கும். பேச்சா மாறும்? ரெண்டு பேத்துக்குமா தப்பாக் கேக்கும்?"

"ஒரே ஒயர்ல கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே தப்புத்தான் கேக்கும்."

"அப்ப ஆச்சியவே கேளுங்க. தண்ணியான்டு கேட்டீகள்ல, கஞ்சியான்டு கேட்டீகள்ல? அதே மாதிரி, கலைமக வீட்டுக்கான்டு ஒரு வார்த்த கேளுங்க. தலைய ஆட்டப் போறாக, அம்புட்டுத்தேன்."

சுப்புலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றிருந்தது. முகம் கோணியிருந்தாலும் கண் இரண்டும் நேராகத்தான் இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குமிழைக் காதிலிருந்து எடுத்தேன். ஒயரைப் போனிலிருந்து உருவிக் கட்டில் மேல் போட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆணியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

"நீ இவளப் பாத்துக்க கண்ணு. உப்புப் போட்டுக் கஞ்சி குடு. திருப்பூரு போய்ப் புது ஒயரு வாங்கியாறேன். அதுல கேட்டுட்டு அப்பறம் பாக்கலாம்."

ஜோதிகா எழுந்து என் முன்னால் வந்து நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவள் வாயைப் படிக்காமல் செருப்பை மாட்டினேன். பிறகு அவள் கட்டில் பக்கம் திரும்பிக் குனிந்தாள். எதையோ கேட்டாள் போலிருக்கிறது. என்ன கேட்டாள், அதற்கு அங்கே என்ன பதில் வந்தது என்று பார்க்க நான் நிற்கவில்லை.

ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஒன்றையும் காணோம். தீபாவளி லீவில் அவனவன் இஷ்டத்துக்கு ஓட்டுகிறான். நிற்கப் பிடிக்கவில்லை, திருப்பூர்ப் பக்கமாக நடந்தேன். நெருப்புப் பட்ட இழையைத் தறியில் ஏற்றினால் அரை முழம் ஓடாது. அதில் வருகிற பேச்சை எப்படி நம்புவது? சுப்புலட்சுமியை எனக்குத் தெரியும். அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை.